ஊசி நோட்டு

சட்டைப் பையிலிருந்து ஓர் ஊசி நுனியை எடுத்து நோட்டில் வைத்து, மேலே செல்லோடேப் ஒட்டினான் மேனேஜர் பாண்டியன். "இதோ, கெடச்சிடுச்சி. எழுதிக் கையெழுத்துப் போடுங்க சவுரியம்மா."

பக்கத்தில் நின்ற தையல்காரப் பெண் ஹீனா எட்டிப் பார்த்தாள். அது அவள் மெஷினில் ஒடிந்த ஊசியின் நுனியே அல்ல. காலையில் குழந்தைகளுக்கான ஷூ தைக்கும்போது தெறித்துப் போனதை, லைன் முழுக்கக் காந்தம் வைத்துத் தேடியும் காணவில்லை.

ஆம்பூரின் அந்த ஷூ கம்பெனியில் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் நோட்டில் ஒட்டி, கிடைத்ததா இல்லையா என்று சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நுனி கிடைக்காவிட்டால் அன்று தைத்ததில் ஒரு ஜோடிகூட வெளியே போகக் கூடாது. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு குழந்தையின் பிஞ்சுக் காலில் அது ஏறிவிட்டால்?

"இது வேற ஊசி சார்," என்றாள் சூப்பர்வைசர் சவுரியம்மாள்.

"தெரியுது. நாலு மணிக்கு கன்டெய்னர் கெளம்பணும். பெட்டியெல்லாம் பிரிச்சு ஊசி கண்டுபுடிக்கிற மெஷின்ல விட்டுப் பாத்தா ரெண்டு நாள் ஆவும், ஆர்டரே போய்டும். மொதல்ல யாரு தலை உருளும்? இந்தப் பொண்ணு தலைதான்." பாண்டியன் ஹீனாவைக் காட்டினான். "நீங்க போடலன்னா வேற ஆள் போட்டுட்டுப் போறாங்க. ஆனா உங்க கையெழுத்துன்னா ஷூ வாங்குற பையரோட இன்ஸ்பெக்டர் கண்ண மூடிக்கினு ஓகே பண்ணுவாரு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

உண்மைதான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் சவுரியம்மாள் ஒரு பொய் எழுதியதில்லை என்று பஜார் வரைக்கும் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் நிற்கிறவர்கள் ஆயிரம் பேர். திங்கட்கிழமையும் அப்படியே இருக்கிறவள் இவள் ஒருத்திதான் என்பார்கள். "அந்தச் சர்ச்சுக்காரம்மா லைன்ல சேத்துக்கினா போ, இல்லன்னா வேலையே வேணாம்" என்று சொல்லித்தான் ஹீனாவின் அம்மா அவளை அனுப்பினாள்.

பாண்டியனின் போன் அடித்தது. கன்டெய்னர் டிரைவர். "வந்துட்டேம்பா, கேட்லயே இரு!" என்று பாண்டியன் போனில் கத்தினான்.

சவுரியம்மாள் கட்டைவிரலால் நெற்றியில் சின்னதாய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். எப்போதும் ஒரே வரியில் முடிக்கிறவள், இன்று மூன்று வரி எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

அடக் கடவுளே, பொய்க்கும் சிலுவையா! வேலை தப்பித்தது என்று ஹீனாவுக்கு மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"அக்கா... எனக்காகவா?"

"வாய மூடிக்கினு எங்கூட வா."

பாண்டியன் காதிலிருந்து போனை எடுக்காமலே நோட்டை வாங்கினான். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, படக்கென்று மூடிக்கொண்டு நடந்தான். சவுரியம்மாள் எழுதியதை அந்தக் கம்பெனியில் யார் படிக்கிறார்கள்?

பேக்கிங் ஹாலில் இன்ஸ்பெக்டர் சமீருல்லா காத்திருந்தார். அவர் கையெழுத்திட்டால் லோடு கிளம்பிவிடும்.

"ஊசி ஒடிஞ்சதாமே?"

"நுனி கெடச்சிடுச்சி சார். சவுரியம்மாவே எழுதிட்டாங்க," என்று பல்லைக் காட்டினான் பாண்டியன்.

"அவங்களே எழுதிட்டாங்களா? அப்ப பாக்கறதுக்கு இன்னா இருக்கு!" சமீருல்லா பக்கத்தைப் பிரித்து, நேராக அடியில் பேனாவைக் கொண்டுபோனார். ஹீனா தலை குனிந்துகொண்டாள். இத்தனை வருஷமாகச் சேர்த்த நல்ல பேர் இப்படியா போக வேண்டும்!

பேனா தாளைத் தொடவில்லை. சவுரியம்மாளின் கை குறுக்கே வந்து நின்றது.

"சார், இன்னிக்கு மட்டும் படிச்சுப் பாருங்க."