சுவரோர மேசை

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் புதிதாகத் திறந்திருந்த ஐரிஷ் பப்புக்கு ராஸும் அவன் மனைவி லியோனியும் சனிக்கிழமை மதியம் முதன்முறையாகப் போனார்கள். முதன்முறை என்று ராஸ்தான் சொன்னான்.

உள்ளே நுழைந்ததுமே பரிமாறும் பெண் ஓர்லா, "வாங்க ராஸ்!" என்று சிரித்தாள்.

லியோனிக்குச் சுருக்கென்றது. "அவளுக்கு எப்படி உன் பேரு தெரியும்?"

"போன்ல இடம் சொல்லி வெச்சேன்ல, அதான்."

"போன்லயே உன் மூஞ்சியும் தெரிஞ்சிடுச்சாக்கும்!"

ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தும் ஓர்லா அவர்களைச் சுவரோர மேசைக்கு அழைத்துப்போய், லியோனிக்கு ஒரு நாற்காலியைக் காட்டினாள். பிறகு அவளும் ராஸும் ஏதோ கிசுகிசுத்தார்கள். என்னவென்று லியோனிக்குப் பிடிபடவில்லை.

ராஸ் கழிப்பறைக்குப் போனதும் அவள் ஓர்லாவை மடக்கினாள். "என் புருஷனை எத்தனை நாளாத் தெரியும்?"

ஓர்லா திணறினாள். "வியாழக்கிழமை வந்தாருங்க. 'என் பொண்டாட்டிக்கு வலது காது கேக்காது. அந்தப் பக்கம் சுவர் வர்ற மாதிரி இடம் கொடுங்க, நான் இடது பக்கம் உக்காந்துக்கறேன்'னாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

தான் கிழவியாகிவிட்டதாக ராஸ் நினைத்துவிடுவானோ என்று பயந்து, ஒரு வருஷமாக காது கேட்காததை அவனிடம் மறைத்து வந்தவள் லியோனிதான்.

ராஸ் திரும்பி வந்து அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தான்.

"என் காது விஷயம் உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என் ஜோக்குக்கெல்லாம் நீ சிரிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."