மேலிருந்து கீழ் ஒன்பது

ஒன்பதே கால் ஆகிவிட்டது. பேப்பர் இன்னும் முக்காலிக்கு வரவில்லை.

அவள் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம் அவருடையது. நீல மைப் பேனா. ஒன்பதுக்குள் முடித்து முக்காலியில் வைத்துவிடுவார். மேலிருந்து கீழ் அவளுடையது. பென்சில். ஒருவர் கட்டத்தில் மற்றவர் கை வைப்பதில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் பேசி ஆறு வருஷம். ஏன் என்று கேட்டால் அந்தக் குடியிருப்பில் மாடிக்கு ஒரு கதை சொல்வார்கள். முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர். அது மட்டும் எல்லாக் கதையிலும் ஒன்று.

அவர் ஜன்னலைப் பார்த்து, இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தலை கவிழ்ந்திருந்தது. மடியில் பேப்பர்.

பேனா தரையில் கிடந்தது.

இவள் வந்து குனிந்து எடுத்துத் தர வேண்டுமாம். ஆசையைப் பார்.

குக்கர் மூடியை டங்கென்று மேடையில் வைத்தாள். அந்த வீட்டில் அதற்கு 'மணியாச்சு' என்று அர்த்தம்.

அவர் அசையவில்லை.

அழுத்தக்காரர். இன்று நேற்றா பார்க்கிறாள்?

பத்து மணிக்கு எதிர்வீட்டு சுலோச்சனா எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டு வாசல் திறந்திருந்தால் அவளுக்குக் கால் நிற்காது.

"தவமணியக்கா, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் தாங்களேன். கோலப்போட்டி வந்திருக்காம்."

"துரை இன்னும் கீழ வைக்கலை."

"கேட்டு வாங்குங்க."

"யாரு, நானா?"

சுலோச்சனா வாயைப் பொத்திச் சிரித்தாள். கழுத்தை நீட்டிக் கூடத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் அசந்துட்டாரு போலக்கா. எந்திரிச்சதும் குடுங்க."

"தூக்கமாவது. எல்லாம் நடிப்பு."

பதினொன்றாயிற்று. அவர் பக்கத்தில் காபி ஆடை கட்டிக் கிடந்தது. ஈ ஒன்று டம்ளர் விளிம்பில் உட்கார்ந்தது. பிறகு அவர் கையில் உட்கார்ந்தது.

அவர் ஓட்டவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள்.

"பேப்பர் வேணும்."

தோற்றாயிற்று. இனி இந்த மாடி முழுக்கச் சொல்லிச் சிரிக்கட்டும்.

இன்னும் ஓர் எட்டு வைத்தாள்.

"உங்களைத்தான்."

தோளைத் தொட்டாள். தொட்டதும் அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். பேப்பர் வழுக்கி அவள் காலடியில் விழுந்தது.

இடமிருந்து வலம் பாதிதான் நிரம்பியிருந்தது. அதற்குமேல் எழுத்துகள் கோணிக்கொண்டு போயின.

மேலிருந்து கீழ் ஒன்பது. நான்கு கட்டம். 'இலையும் காயும் சமையலுக்கு ஆகும் மரம்.'

முருங்கை. அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவள் கட்டத்தில் நீல மை.

த.

வ.

ம.

நான்காவது கட்டம் காலியாக இருந்தது.

சீவிய பென்சில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.