பொத்திய வாய்

"டாக்டரே, இவ ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும். அந்த நிமிசமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். எனக்கப் பண்ணையில கெடக்கவ. நான் பாக்காம வேற யாரு பாக்க?"

பண்ணையார் பகவதியப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே சுவரோரம் குந்தியிருந்தாள் முத்துக்கனி. வலது கை வாயைப் பொத்தியிருந்தது. ஏமான் என்று அவர்கள் கூப்பிடும் பண்ணையார் முன்னால் கூலிக்காரர்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். அவர்கள் மூச்சுக்காற்று அவர்மேல் பட்டுவிடக் கூடாதாம். சுதந்திரம் வந்து ஆறு வருசமாயிற்று. அந்தக் கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.

புருசன் இசக்கி பண்ணைக் குளத்தில் மூழ்கிச் செத்த அன்றைக்கு அடைத்த வாய் அவளுக்கு. வட்டக்கோட்டைப் பக்கத்திலிருந்து தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்து ஆசுபத்திரியில் சேர்த்தவர் பண்ணையார்தான். வாரம் தவறாமல் வந்து, "பேசினாளா?" என்று கேட்டுவிட்டும் போவார். இந்தக் காலத்தில் எந்தப் பண்ணையார் செய்வார், சொல்லுங்கள்!

டாக்டர் ஜஸ்டஸ் இருக்கிறாரே, அவர் மெட்ராசில் மனநோய் வைத்தியம் படித்தவர். வாய்ச்சவடாலுக்குக் குறைச்சல் இல்லை. "ஊமையையும் பேச வைப்பேன்" என்று வந்த புதிதில் சொன்னவர், இப்போதெல்லாம் தினமும் ஆசுபத்திரிச் சமையல்கட்டு முற்றத்தில் இவள் எதிரே சம்மணம் போட்டுப் புளி உடைக்கிறார். நர்சு செசிலிக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேச மாட்டா" என்றார் டாக்டர். "இனி ஆயுசுக்கும் பேச்சு வராது."

"நல்லாப் பாத்துத்தான் சொல்லுகியளா?"

"பாத்துட்டேன். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அவ்வளவுதான். நான் தோத்துட்டேன்."

பண்ணையார் நீளமாக மூச்சு விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்பம் இவ இங்கயே கெடக்கட்டு. ஊமைய வச்சிட்டு நான் என்ன செய்ய?"

கார் கிளம்பியதுதான் தாமதம், செசிலி பொரிந்து தள்ளினாள்.

"புளி உடைக்கதுக்கா சார் மெட்ராசுக்குப் போயிப் படிச்சிய? தெய்வம் மாதிரி வந்த மனுசன். அவரும் கைய விட்டுட்டாரு. இவ இனி எங்க போவா?"

டாக்டர் ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு முத்துக்கனி எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கார் போயிட்டு மக்கா."

முத்துக்கனி மெள்ளக் கையை இறக்கினாள்.

"நெசமாப் போயிட்டாரா சார்?"

செசிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் மாதாவே! இவ பேசுகாளா?"

"இவங்ககிட்டச் சொல்லலாமா?" என்று டாக்டர் முத்துக்கனியிடம் கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் செசிலியிடம் திரும்பினார்.

"நான் நாற்காலியில இருந்து கேட்டவரைக்கும் இவ வாயத் தொறக்கல்ல. தரையில இருந்து புளி உடைச்சப்பம் பேசினா. அறுப்புக் கூலிய கூட்டிக் கேட்டதுக்கு, இசக்கிய அந்த மனுசன் குளத்துல அமுக்கிக் கொன்னிருக்காரு. கண்ணால பாத்தவ இவ ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும்."

"அய்யோ!"

"இசக்கிக்க அண்ணன் கொடுத்த கேஸ் திங்கக்கிழம நாகர்கோவில் கோர்ட்டுக்கு வருது. 'நான் வந்து சொல்லுகேன்'னு இவளேதான் சொன்னா. பேசுகான்னு தெரிஞ்சிருந்தா இப்பமே அந்தக் காருல ஏத்திட்டுப் போயிருப்பாரு. அப்புறம் இவளுக்கும் அதே குளம்தான்."

செசிலி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவரைப் போய்த் தெய்வம் என்றோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊரே ஒங்களப் பாத்துச் சிரிக்குமே சார்!"

"சிரிக்கட்டு. திங்கக்கிழம வரைக்கும் நான் ஒண்ணும் தெரியாத மண்டனா இருந்துட்டுப் போறேன்."

முத்துக்கனி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"சார், கோர்ட்டுல ஏமானும் நிப்பாருல்லா?"

"நிப்பாரு."

அவள் கை தானாக வாய்க்குப் போயிற்று. பொத்திய கைக்குள்ளிருந்தே கேட்டாள்:

"அவரு முன்னால கைய எடுத்துட்டுப் பேசினது குத்தம்னு என்னப் புடிச்சி ஜெயில்ல போட்டுருவாவளா சார்?"