சின்ன லேத்துக்கு ஒரு சக்

பழைய மெஷின் சாமான் கடையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை சக் ஒன்றை அந்தப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மேஜை மேல வைக்கிற சின்ன லேத்துக்கு இது சேருமா?”

“சேரும்மா. புதுசு வாங்கணும்னா சொத்தை எழுதி வைக்கணும். இதுல துருவைத் துடைச்சா போதும்,” என்றார் கடைக்காரர். “போன வாரம் ட்ரில் சக் வாங்கினீங்க, அதுக்கு முன்னால கட்டிங் டூல். வீட்டுக்காரர் லேத் வாங்கினாலே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்.”

“கடையறதுக்குப் பித்தளைத் துண்டும் போடுங்க. நிறையவே போடுங்க. கையில வேலை இல்லாம அவர் சும்மா உட்காரவே கூடாது.”

“அவ்வளவு பாசமா?”

“பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர்.”

“பக்கத்து வீட்டுக்காரருக்கா இவ்வளவும்?” என்றார், பித்தளையை எடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர்.

“லேத் வர்றதுக்கு முன்னால அவர் பாட்டு கத்துக்கிட்டிருந்தார். லேத் சத்தத்துல கூட நாங்க தூங்கிடுறோம். அதான் தெருவே சேர்ந்து காசு போடுது.”

“இது அவர் சம்சாரத்துக்குத் தெரியுமா?”

“வசூல் பண்றதே அவங்கதான்.”