பச்சரிசிச் சோறு

பெண் செல்லத்தாய் உலைமூடியைத் திறந்தபோது நான் அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டேன். பெண் பார்க்க வந்தவள் அடுப்படியை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லைதான். பார்த்தால் என்ன, வேண்டாமென்று சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

கடைமடை நிலம். இரண்டு வருஷமாகப் பெரியாற்றுத் தண்ணீர் எட்டிப் பார்க்காத ஊர். என் மகனுக்கு இங்கே பெண் எடுக்க வேண்டுமென்று எனக்கென்ன தலையெழுத்தா?

பெண் பிடித்துப்போனால் அந்த வீட்டில் கை நனைப்போம். பிடிக்கவில்லையென்றால் ஒரு செம்புத் தண்ணீரோடு எழுந்துவிடுவோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது.

அவள் முறத்திலிருந்து அரிசியை உலையில் சரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பச்சரிசி.

ரங்கூன் அரிசி வராமல் நின்று, ஊரே கம்புக்கும் வரகுக்கும் அலைகிற வருஷம். நெல் வைத்திருப்பவர்களே அதை அவித்துக் குத்தி, புழுங்கலரிசியாக்கி எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். இவர்கள் பொங்கலுக்கும் சாமிக்கும் வைக்கிற பச்சரிசியை ஆனி மாசத்தில் விருந்துக்கு வடிக்கிறார்களாம். பவிசைப் பார் என்று மனசுக்குள் வைதேன்.

ஆனால் பச்சரிசியை வடிப்பது லேசில்லை. அசந்தால் குழைந்து களியாகிவிடும். அதுவும் இவள் வைக்கோல் தீயில் வடிக்கிறாள். குப்பென்று எரியும், பொசுக்கென்று அணையும்.

பிரியாகத் திரித்த வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி அடுப்புக்குக் கொடுத்தாள். உலை பொங்கி வந்தபோது ஒரு பிடியை நிறுத்தினாள். அடங்கியது.

ஒரே ஒரு சோற்றை எடுத்து விரலில் நசுக்கினாள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை இருந்திருக்க வேண்டும். இரண்டு மூச்சு பொறுத்தாள். பிறகு தணலை வெளியே தள்ளி, மூடியை அழுத்தி, துணியால் பானையின் கழுத்தைப் பிடித்து ஒரே சாய்ப்பு.

கஞ்சி முழுக்கச் சட்டியில் இறங்கியது. அதோடு ஒரு பருக்கைகூட விழவில்லை. மூடியைத் திறந்தபோது சோறு மல்லிகை மொட்டாகத் தனித்தனியாக நின்றது.

முப்பது வருஷமாக வடிக்கிறேன், எனக்கு இந்தக் கை வராது. பொறாமையாக இருந்தது. சொல்வதில் என்ன வெட்கம்?

அவள் தலைமுடியில் உமி ஒட்டியிருந்தது. காலையில்தான் குத்தியிருக்கிறாள்.

எரிக்காமல் மிச்சமிருந்த வைக்கோல் பிரியை எடுத்துப் பார்த்தேன். வளைந்து வளைந்தே நின்றது. ஒரு பக்கம் மெழுகிய சாணி காய்ந்திருந்தது. மூலையில் ஒரு பலகை கிடந்தது. புழுதி படிந்த அந்தப் பலகையின் நடுவில் வட்டமாக ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

பிரியை நானே தணலில் போட்டேன். செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கஞ்சிச் சட்டியைப் பத்திரமாக ஓரத்தில் நகர்த்தினாள். வீட்டார் ஐந்து பேருக்கும் சாப்பாடு அதுதான் போலிருக்கிறது.

வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் செம்பைக் கையில் வைத்திருந்தார்.

“கெளம்புவமா?”

“எலையப் போடச் சொல்லுங்க. பசிக்குது.”

பெண்ணின் அப்பா காசிமாயன் இலை அறுக்க ஓடிய வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மறுசோறு கொண்டு வந்தபோது இலையைக் கையால் மறைத்தேன்.

வண்டி அலங்காநல்லூரைத் தாண்டியது. வீட்டுக்காரர் மாடுகளைத் திட்டுகிற சாக்கில் என்னைத் திட்டினார்.

“வேணாம்னு சொல்லத்தான வந்தோம். பச்சரிசிச் சோத்தக் கண்டு மயங்கிட்டியாக்கும்?”

“மயங்கிட்டேன். அவதான் என் மருமக. பரிசத்துக்குச் சேலையோட, வைக்கப்பிரி சுத்திச் சாணி மெழுகுன ஒரு கோட்ட வெத நெல்லும் கொண்டு போகணும். ஆடி வெதைப்புக்கு முந்தியே.”

அவர் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டார்.

“வெத நெல்லா? பரிசத்துக்கு எவனாச்சும் வெத நெல்லு வைப்பானா?”

“அவுக நமக்கு வடிச்சுப் போட்டது அதத்தான்.”