நெடுஞ்சாலை வேண்டாம்

“நெடுஞ்சாலையே வேணாம். திராட்சைத் தோட்டங்கள் வழியா, ஊர் ஊரா நின்னு, ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக்கிட்டு, மெதுவா பிரித்தானிக் கடற்கரைக்குப் போவோம்,” என்றான் பாஸ்தியான்.

மனைவி ஓடிலுக்குப் புல்லரித்தது. காரில் ஏறினால் பேய் பிடித்தவன் போலப் பறக்கிற மனுஷன்!

“எனக்காகவா இந்த நிதானம்?”

“உனக்காகத்தான், செல்லம்.”

பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். தீப்பெட்டி போல ஒரு குட்டி வண்டி நின்றது. லைசென்ஸ் இல்லாதவர்களும் ஓட்டலாம் என்று பிரெஞ்சு அரசாங்கம் விட்டுவைத்திருக்கும் ரகம். மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. நெடுஞ்சாலையில் ஏற்றவும் மாட்டார்கள்.

“லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்களா?”

“போன மாசம்… கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்.”

ஓடில் உள்ளே போய்ப் பெரிய காரின் சாவியோடு வந்தாள்.

“என் லைசென்ஸ் பத்திரமா இருக்கு. சாயங்காலம் கடல்ல குளிச்சுக்கிட்டு இருப்பேன். நீ ஊர் ஊரா நின்னு, சாப்பிட்டுட்டு, மெதுவா வா!”