வெடிக்காத டயர்

தரையிறங்கும்போது டயர் வெடித்த விமானம் ஜாக்கியின் மேல் நிற்கிறது. கருகிய ரப்பர் வாடை பிற்பகல் வெயிலில் இன்னும் அடங்கவில்லை. பிரேக்கின் சூடு ஆறும்வரை காத்திருந்த மெக்கானிக், வெடித்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதே அச்சில் இருக்கும் அதன் ஜோடிச் சக்கரத்திடம் குனிகிறாள். அந்த டயரில் ஒரு கீறல்கூட இல்லை. “ஏம்மா, இது புதுசாட்டம் இருக்கே, விட்டுடேன்,” என்கிறார் எல்லோரும் ‘அவசரம்’ என்றழைக்கும் மேற்பார்வையாளர். “அது வெடிச்சப்புறம் மொத்த பாரத்தையும் இதுதான் ஒத்தையா சுமந்திருக்கு, சார். உள்ள என்ன நைஞ்சிருக்கோ.” “என் பொண்டாட்டி இந்த ஃப்ளைட்லதான் போறா. லேட்டானா என்னைப் பிச்சுடுவா!” “பத்திரமா போய் இறங்கிட்டு போன்ல திட்டட்டும் சார்,” என்றபடி அவள் வால்வைத் திருகுகிறாள். காற்று சீறி வெளியேறும் சத்தத்தில் அவருடைய அடுத்த வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை.